தோ, அந்தத் திருப்பம்தான்

"அம்மா, நீங்க பொய் சொல்றீங்க" என்றார் ஏகாம்பரம்.

வேலாத்தம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பொய்யைச் சொல்றீங்க?"

ஒரு பொய்தான் இருக்கும் என்று நம்பி வந்த ஏகாம்பரத்தை இந்தக் கேள்வி கொஞ்சம் ஆட்டிவிட்டது.

"மலை ஏற வர்றவங்க இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டா, 'தோ, அந்தத் திருப்பம்தான்'னு சொல்றீங்களே. அந்தப் பொய்."

"அதுங்களா" என்று வேலாத்தம்மாள் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "நான் வேற எதோன்னு பயந்துட்டேனுங்க."

நெடுங்கல் மலை அடிவாரத்தில் வேலாத்தம்மாளின் மடம் இருக்கிறது. மடம் என்றதும் யானை, பல்லக்கு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு பலாமரம், இரண்டு ஆடு. அவ்வளவுதான். ஞானம் வேண்டும் என்று யாராவது வந்தால் அம்மாள் அவர்களை உட்காரவைத்து எதுவும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மலை ஏற வருகிற கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். காலையில் இந்தப் பக்கம் ஏறி, உச்சியில் கட்டுச்சோறு தின்று, மாலையில் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வழிகாட்டி அவரேதான். வழி நெடுக அவர் செய்யும் உபதேசமும் மேற்படி ஒரு வாக்கியம்தான்.

ஏகாம்பரம் அம்மாளைவிடப் பத்து வயது பெரியவர். ஓய்வுபெற்ற சர்வேயர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு சாண் நிலத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர். அதற்காகவே அவரை மாவட்டம் மாவட்டமாகத் தூக்கியடித்தார்கள். அவரும் போய் இறங்கிய கையோடு அங்கே சர்வே சங்கிலியைப் பிரித்து அளக்க ஆரம்பித்துவிடுவார்.

ஓய்வுபெற்றதும் உண்மையைத் தேடிப் புறப்பட்டார். அதுவரை தேடியது என்ன என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

மடத்துக்கு வந்த முதல் மாதமே மலையை அளந்து முடித்துவிட்டார். ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, திருப்பங்கள் எத்தனை, அந்தப் பக்கத்துத் தார்ச்சாலையிலிருந்து மலையைச் சுற்றி மடத்துக்குத் திரும்ப எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்டவர் காதில் ஞாயிறு தவறாமல் 'தோ, அந்தத் திருப்பம்தான்' விழுந்தால் வயிறு எரியாதா?

"பொய் சொல்ற இடத்துல இருந்துக்கிட்டு நான் எப்படிம்மா உண்மையைத் தேடுறது?" என்றார். "இன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஏறிடறேன்."

"மூட்டை கட்டியாச்சுங்களா?"

"கட்டியாச்சு."

"அப்ப அதைத் தூக்கிட்டே மலை ஏறுங்க. அந்தப் பக்கம் இறங்கினா பஸ்ஸு நிக்கிற எடந்தான்." வேலாத்தம்மாள் வெங்காயத் தோலை ஆட்டுக்குப் போட்டார். "போறதுதான் போறீங்க, இன்னிக்குக் கூட்டத்தை நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் கடைசியில வர்றேன். வாயைத் தொறக்க மாட்டேன்."

"நானா?"

"நீங்கதானுங்க. உண்மையையே சொல்லி அத்தனை பேரையும் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து நானும் பொய் சொல்லலை."

"சேர்க்க முடியலைன்னா?"

"அதுதான் பஸ்ஸு இருக்குதில்லைங்க."

ஏகாம்பரத்துக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே நாளில் குருவைத் திருத்திவிடலாம். எந்தச் சீடனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு?

*

வேன் வந்து நின்றது. நகராட்சிப் பூங்கா நடையோர் சங்கத்தார் இறங்கினார்கள்.

தினமும் காலையில் பூங்காவைச் சுற்றுகிறவர்கள் இவர்கள். வருடக்கணக்காகச் சுற்றுகிறார்கள். நேராக நடந்ததாக வரலாறு இல்லை.

முதலில் தலைவர் சடகோபன். கழுத்தில் விசில். அச்சகம் வைத்திருப்பவர் என்பதால் எல்லார் சட்டையிலும் சங்கத்தின் பெயர் அச்சாகியிருந்தது. அடுத்து மருதாசலமும் அவர் மனைவி சுலோசனாவும். மருதாசலத்தின் வயிறு முன்னால் இறங்கியது, அவர் பின்னால் இறங்கினார். கடைசியாகக் கமலவேணி டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, மலையை அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு தூரம் சார்?" என்றார் சடகோபன்.

இதற்காகத்தானே காத்திருந்தார் ஏகாம்பரம். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மொத்தத் தூரம் சொன்னார். செங்குத்தான ஏற்றம் எவ்வளவு, நிழலே இல்லாத வெயில்காடு எவ்வளவு, திருப்பங்கள் எத்தனை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். வழுக்குப் பாறையைச் சொன்னார். அட்டை கடிக்கும் இடத்தையும் விடவில்லை. அந்த எண்களை இங்கே எழுதினால் நீங்களும் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

மருதாசலம் திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க?" என்றார் சுலோசனா.

"நீ போயிட்டு வா. நான் வண்டியைப் பார்த்துக்கறேன்."

"வண்டியை டிரைவர் பார்த்துப்பார். இறங்குங்க."

"சார் சொன்னதைக் கேட்டியா இல்லையா?"

ஏகாம்பரம் திரும்பி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் என் பையில இருக்கு" என்றார் சுலோசனா. "உச்சியிலதான் பிரிப்பேன்."

மருதாசலம் இறங்கினார். இதுவும் உண்மைதானே, உண்மைக்கு ஒரு வெற்றி என்று ஏகாம்பரம் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

*

அன்று முழுவதும் உண்மைக்குக் கிடைத்த வெற்றி அந்த ஒன்றுதான்.

முதல் திருப்பத்தில் மருதாசலம் கேட்டார். ஏகாம்பரம் சொன்னார். மருதாசலம் உட்கார்ந்தார். அவரை எழுப்பிவிட்டு நிமிர்ந்தால் சடகோபன் கேட்டார். ஏகாம்பரம் சொன்னார். சடகோபன் உட்கார்ந்தார்.

இருவரையும் கிளப்பி நாலு எட்டு வைத்ததும், "இப்ப கொஞ்சம் கொறைஞ்சிருக்குமே சார்?" என்றார் மருதாசலம் ஆசையாக.

"குறைஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

ஏகாம்பரம் சொன்னார். மருதாசலம் அதற்கும் உட்கார்ந்தார்.

ஏகாம்பரத்தின் பை வேறு தோளை அறுத்தது. பழைய ரெக்சின் பை. அதற்குள் மாற்று வேட்டி, துண்டு, செம்புச் சொம்பு, ஓய்வுபெற்ற அன்று போர்த்திய பொன்னாடை, அதே விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரம் எல்லாம் இருந்தன. அடியில் சர்வே சங்கிலி. முழுக்க இரும்பு. கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது அவரே எடுத்துக்கொண்டது. அது இல்லாமல் அவர் எந்த ஊருக்கும் போனதில்லை.

அவர் நடந்தால் பை 'டிக் டிக்' என்றது. நின்றாலும் 'டிக் டிக்' என்றது.

"சார், உங்க பைக்குள்ள என்ன?" என்றார் சடகோபன் கொஞ்சம் விலகி நின்று.

"கடிகாரம்."

"மலைக்கு எதுக்கு சார் சுவர்க் கடிகாரம்?"

இதற்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இவர் மடத்தை விட்டு ஓடப்போகிறவர் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஓடப்போகிற ஆளை நம்பி மலை ஏறுவதா என்று சடகோபன் சங்கத்தார் காதுகளில் தனித்தனியாகக் கேட்டார்.

வெயில்காடு வந்தது. மருதாசலத்தின் வழுக்கைத் தலை பழுத்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் ஏகாம்பரம் பொன்னாடையை எடுத்துக் கொடுத்தார். சரிகைத் தலைப்பாகையோடு மருதாசலம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் மாப்பிள்ளை.

ஏகாம்பரம் சொன்னார்.

இந்த முறை எல்லாருமே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வேளையாக அங்கே ஒரு பெரிய உருண்டைப் பாறையும் அதன் நிழலும் இருந்தன. சடகோபன் விசிலை ஊதி, சங்கத்தின் அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். பிறகு செல்போனை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"சார், மிச்ச தூரம்னு நீங்க சொன்னீங்களே, அது நம்ம பூங்காக் கணக்குல வெறும் ரெண்டு நாள் சுத்து. தெரியுமா?"

"இருக்கலாம்."

"இந்தப் பாறையும் நம்ம பூங்கா வாலிபால் மைதானம் அளவு இருக்கு. இதையே சுத்திட்டா என்ன? ஏத்தமும் இல்லை, நிழலும் இருக்கு."

ஏகாம்பரம் வாயைப் பிளந்தார். "ஆனா உச்சி?"

"தூரம் ஒண்ணுதானே சார்? அளந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஏகாம்பரம் யோசித்தார். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தூரம் ஒன்றுதான். இல்லை என்று சொன்னால் பொய்.

"ஒண்ணுதான்" என்றார் ஈனக் குரலில்.

விசில் ஒலித்தது. சங்கம் பாறையைச் சுற்றத் தொடங்கியது. பாதையில் ஓர் அடி எடுத்து வைக்க அழுத மருதாசலம் இங்கே கையை வீசிக்கொண்டு பம்பரமாகச் சுற்றினார். பழகிய கால் அல்லவா.

"அப்பிரதட்சிணமா சுத்தாதீங்க!" என்றார் சுலோசனா. "வலமா வாங்க!"

வலமாக வந்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே சுலோசனா நின்று, பர்ஸைத் திறந்து, பாறைக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

"எதுக்கு?" என்றார் மருதாசலம்.

"இவ்வளவு சுத்திட்டு சும்மா போனா நல்லாவா இருக்கும்?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். வேலாத்தம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

*

கமலவேணி டீச்சர் மட்டும் சுற்றவில்லை. ஒரு கல் மேல் உட்கார்ந்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சுத்தலையா டீச்சர்?"

"சுத்தறதுக்கு மலைக்கு வரணுமா? எங்க வீட்டு ஹால் போதாதா?"

ஏகாம்பரம் அவர் பக்கத்தில் பையை இறக்கினார். டீச்சர் தானாகவே பேசினார்.

"முட்டியில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து பிள்ளைங்க என்னை மாடிக்கு விடறதில்லை சார். படிக்கட்டுல கதவு போட்டுப் பூட்டியாச்சு. சாவி மருமகள்கிட்ட. டாக்டர் நல்லா ஏறலாம்னுதான் சொல்றார். இவங்களுக்குப் பயம். பாசம்தான், நான் தப்பு சொல்லலை. ஆனா ரெண்டு வருஷமா நான் எதையுமே மேலேர்ந்து பார்க்கலை. எல்லாத்தையும் அண்ணாந்தே பார்த்துட்டிருக்கேன். கழுத்து வலிக்குது."

"இன்னிக்கு எப்படி விட்டாங்க?"

"கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன். பொய்தான்."

டீச்சர் மறுபடி உச்சியைப் பார்த்தார்.

"சார், உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்? மறைக்காம சொல்லுங்க. நீங்க பொய்யே பேச மாட்டீங்களாமே. முடியாதுன்னா நானும் அந்தப் பாறையைச் சுத்திட்டு வீட்டுக்குப் போறேன்."

எண் ஏகாம்பரத்தின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சுத்தமான எண். ஒரு பிசகு இல்லை. அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். டீச்சர் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, பாறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கீழே இறங்கிப் போய்விடுவார். பிறகு ஹால்தான்.

எண்ணை விழுங்கினார்.

"டீச்சர், அந்தத் திருப்பத்துல ஒரு நெல்லி மரம் இருக்கு. காய் பிடிச்சிருக்கு."

"அரை நெல்லியா, முழு நெல்லியா?"

"முழு நெல்லி. அதுவரைக்கும் வர்றீங்களா?"

டீச்சர் எழுந்தார்.

இரண்டு பேர் மேலே போவதைப் பாறையைச் சுற்றிக்கொண்டிருந்த சடகோபன் பார்த்தார். ஓர் உறுப்பினர் முன்னால் போக, தலைவர் பின்னால் நிற்பதா? விசில் ஊதினார். மருதாசலத்துக்கு விசில் ஊதினால் போதும், எங்கே என்று கேட்காமல் நடப்பார். பூங்காப் பழக்கம்.

நெல்லிக்காயைக் கடித்து, மரத்தடி ஊற்றில் ஏகாம்பரத்தின் சொம்பை முக்கித் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் தித்தித்தது.

"அடுத்து என்ன சார்?" என்றார் டீச்சர்.

"அடுத்த திருப்பத்துல காத்து வரும்."

காற்று வந்தது. அதற்கடுத்த திருப்பத்தில் குரங்குகள் இருக்கும் என்றார், இருந்தன. மருதாசலத்தின் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போயின. அதற்கடுத்து, உட்கார வாகாக ஒரு கல். டீச்சர் உட்கார ஏகாம்பரம் தன் துண்டை விரித்தார், அதை எடுக்க மறந்து எல்லாரும் மேலே நடந்தார்கள்.

பிறகு ஒரு திருப்பம் வந்தது. அதில் மரம் இல்லை, கல் இல்லை, காற்றும் இல்லை. ஏகாம்பரம் நினைவில் இருந்த மலையைத் துழாவித் துழாவிப் பார்த்தார். சொல்ல எதுவுமே இல்லை. வெறும் திருப்பம்.

டீச்சர் நின்றுவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். "இனி எவ்வளவு சார்?"

"தோ, அந்தத் திருப்பம்தான் டீச்சர்."

யார் சொன்னது என்று ஏகாம்பரம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வேலாத்தம்மாள் இருந்தார். வாய் மூடியிருந்தது.

சொன்னது ஏகாம்பரமேதான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டீச்சர் நடந்தார். ஏகாம்பரம் பின்னாலேயே நடந்தார். இத்தனை வருடம் சேர்த்துவைத்த நல்ல பெயரை ஒரே வாக்கியத்தில் செலவழித்துவிட்டார்.

அந்தத் திருப்பத்தைத் தாண்டினார்கள். உச்சி வரவில்லை. இன்னோர் ஏற்றம்தான் வந்தது. டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அது... அடுத்த திருப்பம் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பொய்யைக் கேட்டே காது பழுத்தவ நான். உங்களுக்குச் சரியா வரலை. பாட்டி செத்துட்டான்னு லீவு கேட்கிற பையன் மூஞ்சி மாதிரியே இருக்கு."

"மன்னிச்சுடுங்க டீச்சர்."

"அட, எதுக்கு? நடங்க."

*

உச்சிக்குக் கீழே வழுக்குப் பாறை. ஏறிவிட்டால் முடிந்தது. ஆனால் அதில் பிடிக்க எதுவும் கிடையாது. வேலாத்தம்மாள் வழக்கமாக ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். இன்று அவர் வாயோடு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் சடகோபன் ஏறினார். பாதியில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். ஏகாம்பரம் மாற்று வேட்டியைக் கிழித்துக் கட்டினார். பிறகு தானே ஏறிக் காட்டப் போய், பின்னால் சரிந்து, பையின் மேலேயே உட்கார்ந்தார்.

'டிக் டிக்' நின்றது.

கூடவே வந்துகொண்டிருந்த ஓர் ஆள் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஏகாம்பரம் பைக்குள் கையை விட்டார். சங்கிலியை இழுத்தார். அது கடகடவென்று வந்துகொண்டே இருந்தது.

ஒரு நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நாலு காலில் ஏறினார். மேலே இருந்த மகிழ மரத்தில் கட்டினார். மறு நுனியைக் கீழே விட்டார். எத்தனையோ ஊர்களின் வரப்புகளில் கிடந்த சங்கிலி அது. முதல் முறையாக ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அது கமலவேணி டீச்சர்.

"பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க. நான் இருக்கேன்."

"இன்னும் எவ்வளவு சார்?" என்றார் டீச்சர் பாதிப் பாறையில், மூச்சு வாங்கிக்கொண்டு. கண்ணில் குறும்பு.

"தோ" என்றார் ஏகாம்பரம்.

*

உச்சியில் ஒரு சுனையும் நாலு பக்கமும் ஆகாயமும் இருந்தன.

டீச்சர் ஓரத்துக்குப் போனார். குனிந்து பார்த்தார். எல்லாமே கீழே இருந்தது. ஏரி, தென்னந்தோப்பு, பொம்மை மாதிரி ஒரு ரயில். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"சார், அதோ வெள்ளையாத் தெரியுதே, அது எங்க ஊருதானே?"

அது வடக்கு. டீச்சரின் ஊர் தெற்கே இருந்தது. திசையில் தவறு செய்தவரை ஏகாம்பரம் ஒரு காலத்தில் அலுவலகத்தை விட்டே துரத்தியிருக்கிறார்.

"ஆமா டீச்சர். அதேதான்."

"எங்க மொட்டை மாடி?"

"அந்த ஓரத்துல. நல்லாப் பாருங்க."

"இல்லையே, நம்ம ஊர் அந்தப் பக்கம்..." என்று மருதாசலம் ஆரம்பித்தார். சுலோசனா ஒரு பெரிய உருண்டைப் புளியோதரையை எடுத்து அவர் வாயில் வைத்தார்.

*

மாலையில் அந்தப் பக்கம் இறங்கினார்கள். வேன் சாலையோரம் காத்திருந்தது. சங்கத்தார் ஏறிக்கொண்டார்கள். மருதாசலம் பொன்னாடையோடு ஏறினார். சுலோசனா காலிப் பாத்திரங்களோடு செம்புச் சொம்பையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். டீச்சர் ஜன்னல் வழியே கையை ஆட்டினார். வேன் போய்விட்டது.

ஏகாம்பரம் பையைத் திறந்து பார்த்தார். சங்கிலி மகிழ மரத்திலேயே தங்கிவிட்டது; பைக்குள் நின்றுபோன கடிகாரம் மட்டும் இருந்தது. அது இன்னும் மத்தியானம் என்றது.

காலையில், குரு பொய் சொல்கிறார் என்று கிளம்பியவர் அவர். இப்போது அதைச் சொல்லிக்கொண்டு கிளம்ப முடியாது. அத்தனை பேரையும் உச்சிக்குக் கொண்டுபோனார், சரிதான். உண்மையைச் சொல்லியா கொண்டுபோனார்? பந்தயத்தில் தோற்றாயிற்று. இனி எந்த முகத்தோடு மடத்துக்குப் போவது? அவமானமாக இருந்தது. பஸ் வந்தால் தேவலை.

வேலாத்தம்மாள் சாலையோர மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது செருப்பு வார் அறுந்து, வலது கால் வீங்கியிருந்தது. நெடுங்கல் அடிவாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கும். இப்போது அதைப் புடவை மறைத்திருந்தது.

காலையிலிருந்து வாயைத் திறக்காதவர் வாயைத் திறந்தார்.

"சர்வேயரே."

"அம்மா."

"மடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். விளையாட்டா? இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே நடந்தவர். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. களைப்புதான் இருந்தது.

பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று கண்டக்டர் கதவைத் தட்டினார். "இதை விட்டா இன்னிக்கு வேற வண்டி இல்லை."

ஏகாம்பரம் பஸ்ஸைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். அது மலையை ஒட்டி நீண்டுபோய், ஒரு புளிய மரத்தருகே திரும்பியது. அதற்கப்பால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது உலகத்தில் அவரைவிடத் துல்லியமாக யாருக்கும் தெரியாது.

"நீ போப்பா" என்றார் கண்டக்டரிடம்.

பஸ் போனது. புழுதி அடங்கியது.

ஏகாம்பரம் தன் செருப்பைக் கழற்றி அம்மாளின் கால் பக்கம் வைத்தார். கையை நீட்டினார்.

"கேட்டேனுங்களே" என்றார் வேலாத்தம்மாள்.

"தோ, அந்தத் திருப்பம்தாம்மா."

"நெசமாவா?"

"நடங்க."